ஒவ்வொரு மாதமும் டாக்டர்தான் கொலைகாரர்

என் மாமனார் என்னோடு நேருக்கு நேர் பேசியது, எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான். அதுவும் கோபத்தில். அதற்கு முன் அவருக்குக் காப்பி வேண்டுமென்றால் கூரையைப் பார்த்து, "காப்பி கெடச்சா நல்லாருக்கும்" என்பார். நான் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவேன். சூடு போதாவிட்டால் அதையும் கூரையிடமே சொல்வார். இதைப் பகை என்று நினைத்துவிட வேண்டாம், மரியாதைதான். மருமகளிடம் பேச்சு வைத்துக்கொள்ளாத மாமனார்தான் கௌரவமான மாமனார் என்று அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் வழக்கம். அந்த மரியாதை எனக்கு மூச்சு முட்டியது.

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய சிட்டிகளின் குடியிருப்பை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். மாமியாரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாமனார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் ஒரு ரப்பர் கடையில் எடையும் கணக்கும் எழுதும் கிராணி வேலை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். பகல் முழுக்க நானும் மாமனாரும், நடுவில் கூரையும்.

அந்த வீட்டில் எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. மதராஸிலிருந்து மாதாமாதம் கப்பலில் வரும் ஒரு துப்பறியும் நாவல். பல வருஷமாக வந்துகொண்டிருந்த வரிசை அது. அதே துப்பறிவாளர், எப்போதும் தப்பாகவே யோசிக்கும் அதே உதவியாளன், எத்தனை தடவை செத்தாலும் திரும்பி வரும் கறுப்புக் கையுறைக்காரன். மாமனார் முதல் புத்தகத்திலிருந்து எல்லாவற்றையும் தன் பழைய மருந்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். புத்தகம் வந்தால் முதலில் அவர் படிப்பார், பிறகு அவர் மகன், கடைசியில் நான். என் கைக்கு வரும்போது அட்டை தளர்ந்திருக்கும். கொலைகாரன் யார் என்பதும் இருவர் பேச்சிலிருந்து முன்பே என் காதில் விழுந்திருக்கும். பந்திக்கு முந்தியவர்கள் அவர்கள். எனக்குக் கிடைத்தது வழித்த இலை.

நான் வந்த மறு வருஷமே இந்த வரிசை மாறியது. மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புரை இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் அறுக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை அவருக்கு எல்லாமே நீராவிக்குள் இருப்பதுபோல்தான் தெரியும். புத்தகத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும். முதல் மாதம் வீட்டுக்காரர் படித்தார். அவர் படித்தால் கொலைகூட ரப்பர் எடை சொல்வதுபோல் இருக்கும். இரண்டாம் நாளே மாமனார் கூரையைப் பார்த்து, "படிக்கத் தெரிஞ்சவுங்க இந்த வீட்டுல வேற யாரும் இல்லையா" என்றார். அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு வந்தது.

படிப்பது எளிது, பேசுவதுதான் சிக்கல். ஒரு அத்தியாயம் முடிந்ததும் மாமனாருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் யாராவது மறுத்துப் பேசியாக வேண்டும். என்னிடம் பேச முடியாது. அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா எங்களுக்குக் கிடைத்தார். கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் தெரிந்தது சாமி பேர்களும் பலகாரப் பேர்களும்தான். மத்தியானம் வெற்றிலைப் பெட்டியோடு வந்து எங்கள் படிக்கட்டில் உட்காருவார். மாமனார் வாசல் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருப்பார். நான் வாசற்படிக்கு உள்ளே பாயில் உட்கார்ந்து தமிழில் படித்து, பிறகு சிட்டி அம்மாவுக்காக மலாயில் சுருக்கிச் சொல்வேன். உடனே மாமனார் அந்த அம்மாவிடம் மலாயில் தன் ஊகத்தைச் சொல்வார். நான் அதே அம்மாவிடம் மலாயில் அதை மறுப்பேன். ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு தமிழர்கள், தமிழ் எழுத்தாளர் எழுதிய தமிழ்க் கதையைப் பற்றி, தமிழ் தெரியாத ஒருவர் வழியாக மலாயில் சண்டை போட்டோம். மலாக்காவில்தான் இதெல்லாம் நடக்கும்.

மூன்று பேருக்கும் மூன்று வழி. சிட்டி அம்மா அட்டைப் படத்தை வைத்துச் சொல்வார். படத்தில் யார் முகம் வெளிச்சத்தில் இருக்கிறதோ அவர் தப்பிப்பார், நிழலில் இருப்பவர் சாவார். நான், கதையில் யாரை ஒருவரும் கவனிக்கவில்லை என்று பார்ப்பேன். மாமனாருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எந்தக் கதையானாலும் டாக்டர்தான் கொலைகாரர். முப்பது வருஷம் தோட்டத்துப் பெரிய டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் இப்படித் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கதையில் டாக்டரே இல்லாவிட்டால், இனிமேல் ஒருவர் வருவார், பொறு என்பார். அவர் சொன்னது ஒரு தடவைகூடப் பலித்ததில்லை. நான் சொன்னது அடிக்கடி பலிக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அதற்கும் மலாயில் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் அப்போது எல்லாருமே ஜோசியர்கள். பசாரில் மீன் வாங்கப் போனால், இந்தியர்களையெல்லாம் கப்பலேற்றப் போகிறார்கள் என்பார் ஒருவர். இல்லை, இனிமேல்தான் நமக்கு நல்ல காலம் என்பார் அடுத்தவர். ரப்பர் விலை, பிரஜா உரிமை, பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பற்றியும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நேரத்தில் எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள். இன்றைக்கு யோசித்தால், நாங்கள் அந்த நாவலுக்கு ஏன் அப்படிக் காத்திருந்தோம் என்று புரிகிறது. நாட்டைப் பற்றிய ஊகம் தப்பினால் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். கதையைப் பற்றிய ஊகம் தப்பினால் அடுத்த மாதம் இன்னொன்று சொல்லலாம்.

அந்தச் சமயத்தில் வந்த புத்தகத்தில், கையுறைக்காரன் ஓடும் ரயிலிலிருந்து பாலத்துக்குக் கீழே வெள்ளத்தில் குதித்துவிட்டான். பிணம் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் 'அடுத்த வெளியீடு: பாலத்தடி விருந்தாளி' என்று போட்டு, ஒரு சின்னப் படம். பாலத்தின் இருட்டில் அரிக்கன் விளக்கைப் பிடித்த ஒரு கை. கையில் உறை இல்லை. அந்தக் கையை வைத்து ஒரு மாதம் பேசினோம்.

மாமனார் படத்தை விவரிக்கச் சொன்னார். நான் சிட்டி அம்மாவிடம், நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது என்றேன்.

"அப்ப டாக்டர்" என்றார் மாமனார் மலாயில். "ரயில்வே டாக்டர். கையுறைக்காரன் சாகல. டாக்டர் வேஷத்துல வருவான்."

சிட்டி அம்மா, அது பெண்ணின் கை என்றார். நான் ரயில்வே பங்களாச் சமையல்காரனைக் கை காட்டினேன். போன புத்தகத்தில் மூன்று இடத்தில் காப்பி கொண்டுவந்தவன் அவன். மாமனார் சிரித்தே விட்டார்.

அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. தெங்கேரா பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவரிடம் ஆள் இல்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள், கல்யாணத்துக்கு முன் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்குத் தற்காலிக வேலை, பிறகு பயிற்சிக்கு அனுப்பலாம், மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்க்கும், நான் கேட்டால் பதில் சொல்லும். அதற்காகவே எனக்கு அது வேண்டியிருந்தது.

வாத்தியார் போனதும் மாமனார் கூரையைப் பார்த்தார். "பொம்பள வெளிய போயி சம்பாரிச்சித்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியணுமா? மூணு மாசம் தாங்காது."

வீட்டுக்காரர், "பாப்பம் பா" என்றார். அவர் பாப்பம் என்றால் முடிந்தது என்று அர்த்தம். நல்ல மனுஷர். ஆனால் அப்பாவுக்கு முன்னால் அவர் ஊமை கண்ட கனாதான்.

அந்த மாதம் பார்த்துப் புத்தகம் வரவில்லை. வர வேண்டிய தேதி போய் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனது. பத்திரிகைக் கடைக்காரர் கப்பல் தாமதம் என்றார். பிறகு, எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லையாம் என்றார். பிறகு, அந்த வரிசையே நின்றுவிட்டதாகக் கேள்வி என்றார். தினமும் சைக்கிள் மணி கேட்டதும் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து, "வந்துச்சா?" என்பார். "இல்லப்பா." அவ்வளவுதான், சாய்ந்துவிடுவார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மத்தியானம் சிட்டி அம்மா வந்தால்கூட வாய் திறக்கவில்லை. கண்ணும் இல்லாமல் கதையும் இல்லாமல் அந்த மனிதருக்குப் பகலை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை.

"ஏதாச்சும் செய்யேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்னாத்தச் செய்ய? நானும் கூரையப் பாத்துப் பேசவா?" என்றேன். ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். சிட்டி அம்மாவிடம், புத்தகம் வந்துவிட்டது என்று உரக்கச் சொன்னேன். மாமனார் முகத்தில் ரத்தம் ஊறியதைப் பார்த்தேன். பிறகு பழைய புத்தகத்தை விரித்து வைத்து, 'பாலத்தடி விருந்தாளி'யை என் வாயிலிருந்தே படிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று எதையோ சொல்லிவைத்தேன். இரண்டாம் நாள் எனக்கே சுவை தட்டிவிட்டது. வெள்ளத்தில் ஒரு பெட்டி மிதந்தது. ரயில்வே பங்களாவில் விளக்கு அணைந்தது. அளவு பார்த்துப் பக்கங்களைப் புரட்டினேன். துப்பறிவாளர் மாதிரியே கனைத்தேன். படிக்கட்டில் சிட்டி அம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

கொலைகாரன் சமையல்காரன்தான். என் மனதில் அவன் முழுதாக வந்துவிட்டான். அவன் ஏன் கொன்றான், கத்தியை எந்த மாவுப் பானையில் ஒளித்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கடைசி நாள் பாயில் உட்காரும்போது மாதக் கடைசி நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை இந்த மனிதரை ஜெயிக்க வைத்தால் என்ன? மனம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மகன் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தால், பழம் நழுவிப் பாலில் விழுந்தாலும் விழும். துப்பறிவாளர் பங்களாக் கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். சமையல்காரனைத் தாண்டி, ரயில்வே டாக்டரின் முன் நின்று, அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தார். மீசை கையோடு வந்தது.

"டிரஸர் மெனாங்!" என்று சிட்டி அம்மா கை தட்டினார். டிரஸர் ஜெயித்துவிட்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, ஸ்டூலில் இருந்த தேநீரைத் தொடாமல் உள்ளே போனார். சாயங்காலம் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கும்படியாக அவர் அப்பாவின் முகம் இல்லை.

மறுநாள் காலையில் நான் சோறு வடிக்க இருந்தபோது சமையற்கட்டு வாசலில் நிழல் விழுந்தது. மாமனார் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"நீயா கட்டுனதுதானே அது?"

யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் கூரையையும் பார்க்கவில்லை. நான் இருந்த திசையைத்தான் பார்த்தார்.

"எது மாமா?"

"நடிக்காத. டாக்டர்னு நீ படிச்ச ஒடனே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. மொத புக்குலேர்ந்து சொல்லிக்கிட்டு வர்றேன், அந்த ஆளு ஒரு டாக்டரத் தொட்டிருக்கானா? நான் ஒன்னு சொல்லணும், அவன் என்னைய ஏமாத்தணும். அதுக்குத்தானே மாசம் பூரா காத்துக் கெடக்குறேன். என்னைய ஜெயிக்க வைக்கச் சொல்லி உன்னைய யாரு கேட்டா?"

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வருஷக் கோபம்.

"நீங்க சொன்னத மாத்திச் சொல்ல இந்த வீட்டுல யாருக்கு மாமா தைரியம் இருக்கு? காப்பிச் சூட்டுலேர்ந்து கதவு சாத்துற நேரம் வரைக்கும் நீங்க சொன்னதுதான். பள்ளிக்கூடத்து விசயமும் நீங்க சொன்னபடிதான் நடக்கப் போவுது. கதையில மட்டும் நீங்க தோக்கணும்னா, நான் எங்க போயி பழகிக்கிட்டு வர்றது?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"சரி, உனக்கு யாருன்னு தோணுச்சி?" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"சமையக்காரன்."

"ஏன்?"

"மொதல்லேர்ந்து எல்லாருக்கும் காப்பி கொண்டாந்து வச்சது அவன்தான். ஒருத்தரும் அவன் மொகத்தப் பாத்துப் பேசல."

கதையைப் பற்றித்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புரை விழுந்த அந்தக் கண்களை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"அதையே படிச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

அன்று சாப்பிடும்போது மகனிடம், "அந்தத் தலைமை வாத்தியாரு என்னைக்குள்ள சொல்லச் சொன்னாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. சொன்னார். மாமனார் தலையாட்டினார். "போயிட்டு வரட்டும். ஆனா மூணு மாசம் தாங்காது. இப்பவும் சொல்றேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மாமனாரின் ஊகம் எப்படிப்பட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரிப்பை அடக்கியது அதுதான் முதல் தடவை.

வேலைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நாற்பது பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பது ஆசைப்பட்டதுபோல் இல்லை. கத்திக் கத்தி முதல் வாரமே தொண்டை கட்டிவிட்டது. பேருந்துக்கு நின்று கால் வீங்கியது. வந்ததும் அடுப்பு காத்திருக்கும். மூன்று மாதம் என்று அவர் சொன்னது தாராளம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

அந்த மாதிரியான ஒரு மத்தியானம், வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தால், படிக்கட்டில் சிட்டி அம்மா உட்கார்ந்திருக்கிறார். சாய்வு நாற்காலியில் மாமனார். மடியில் ஒரு புத்தகம், புது அட்டை, மூலை மடங்காதது. கடைக்காரர் காலையிலேயே ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வரிசை நிற்கவில்லை, கப்பல்தான் தாமதம். நிஜமான 'பாலத்தடி விருந்தாளி' காலையிலிருந்து அவர் மடியில் கிடந்திருக்கிறது. இரண்டு மாதம் சோறு இறங்காமல் காத்திருந்த புத்தகம் அது. அவர் என் காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

பாயை விரித்து, அவர் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு படிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியை ஆரம்பித்தேன், காற்றுத்தான் வந்தது. கனைத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை ஆரம்பித்தேன். மாமனார் கையை நீட்டினார். புத்தகத்தைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாங்கி, மூடி, மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசோக் லா" என்றார் சிட்டி அம்மாவிடம். நாளைக்கு வா. அந்த அம்மா ஏன் என்று கேட்க, "செகு பெனாட்" என்றார்.

மலாயில் வாத்தியாரைத்தான் செகு என்பார்கள். வாத்தியாருக்குக் களைப்பு என்று சொன்னார். என்னைத்தான் சொன்னார். அந்த வீட்டில் ஓர் ஆண் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"போயி மொகத்தக் கழுவிட்டுப் படும்மா" என்றார் மாமனார், தமிழில்.